கூரையைப் பிரித்தவர்கள்

கப்பர்நாகூமில் கல் எல்லாம் கறுப்பு. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பசால்ட். வீட்டுச் சுவர், தெருத்தளம், தானியம் அரைத்த திரிகை, ஒலிவக் காய் நசுக்கிய செக்கு எல்லாம் அந்த ஒரே கல்லில் செய்தவை. கலிலேயா ஏரியின் வடகரையில் மண்மூடிக் கிடந்த இந்த ஊரை 1894இல் பிரான்சிஸ்கன் துறவிகள் விலைக்கு வாங்கினார்கள். இன்றும் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. முழங்கால் தெரிய உடுத்தி வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

உள்ளே போகும் யாத்திரிகர்கள் நேராகப் பேதுருவின் வீட்டைத் தேடிப் போகிறார்கள். நான் சாதாரண வீடுகளின் வரிசையில் நின்றுவிட்டேன். சுவர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. செதுக்காத கற்களை அடுக்கி, இடுக்குகளில் சில்லுகளையும் மண்ணையும் திணித்து எழுப்பியவை. சுண்ணாம்புச் சாந்து கிடையாது. கொத்து வேலை தெரிந்தவர் யாராக இருந்தாலும் இந்தச் சுவர் கனமான கூரையைத் தாங்காது என்று சொல்லிவிடுவார்கள். குறுக்கே மரக்கட்டைகள், அவற்றின் மேல் கிளைகளும் நாணலும் வைக்கோலும், அதற்கு மேல் மிதித்துக் கெட்டிப்படுத்திய களிமண். அவ்வளவுதான் கூரை. ஏறிப்போக வெளிப்பக்கத்தில் கல்படி. மழைக்காலம் வருவதற்குள் மண்ணை மறுபடி பூசி உருட்டியாக வேண்டும்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் இந்தக் கூரையை நம்பித்தான் நிற்கிறது. இயேசு ஊர் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு ஒரு வீட்டில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வாசலுக்கு வெளியிலும் நிற்க இடமில்லை. உடம்பு முடங்கிப்போன ஒருவனை நான்கு பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். யாரும் வழி விடவில்லை. நோயாளிக்கு வழிவிடாத கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. சாமி பார்க்க வந்த கூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். நால்வரும் மேலே ஏறி, யாருக்கோ சொந்தமான அந்த வீட்டின் கூரையைத் தோண்டித் திறந்து, படுக்கையை உள்ளே இறக்குகிறார்கள். போதித்துக்கொண்டிருந்தவர் தலையிலும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையிலும் மண் உதிர்ந்திருக்கும். வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று மாற்கு எழுதவில்லை.

லூக்கா இதே கதையைச் சொல்லும்போது ஓடுகளைப் பிரித்து இறக்கியதாக எழுதுகிறார். ஓட்டுவீடுகளில் வாழ்ந்த கிரேக்க நகரத்து வாசகர்களுக்கு அப்படிச் சொன்னால் விளங்கும் என்று நினைத்திருக்கலாம். இந்தச் சுவர்களுக்கு மாற்கின் மண்கூரைதான் பொருந்துகிறது.

இறங்கி வந்த படுக்கையைக் கண்டு இயேசு யாருடைய நம்பிக்கையைப் பார்த்தார்? படுத்திருந்தவனுடையதை மட்டும் என்று மாற்கு சொல்வதில்லை. அவர்களுடையதை என்று பன்மையில் எழுதுகிறார். படுத்திருந்தவன் நம்பினானா என்பதற்குத் தனியாக ஒரு குறிப்பும் இல்லை. கதை முழுக்க அவன் வாயே திறப்பதில்லை. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்று நம் ஊரில் சொல்வோம். இங்கே கூரையைப் பிய்த்தது நான்கு மனிதர்கள். முதல் நூற்றாண்டின் இந்த நூல்களில் நம்பிக்கை மனத்துக்குள் ஒளிந்திருக்கும் சமாசாரமாக அதிகம் வருவதில்லை. தூக்குவது, தோண்டுவது, தொடுவது, கத்துவது, வாதாடுவது என்று உடம்பால் செய்கிற வேலையாக வருகிறது. ஏரியைச் சுற்றிவரும்போது எனக்கு அது இன்னும் தெளிவாகப் பட்டது.

பேதுருவின் வீடு என்று காட்டப்படும் இடத்தைத் தோண்டியவர்கள் வர்ஜிலியோ கோர்போ, ஸ்தனிஸ்லாவோ லோஃப்ரேதா என்ற இரண்டு பிரான்சிஸ்கன் தொல்லியலாளர்கள். 1968இல் தொடங்கினார்கள். மற்ற வீடுகளைப் போன்ற ஒரு வீடுதான், ஆனால் அதன் ஓர் அறைக்கு மட்டும் திரும்பத் திரும்பச் சாந்து பூசியிருந்தார்கள். சாந்தில் வந்துபோனவர்கள் கீறிவைத்த எழுத்துகள் இருந்தன, பெரும்பாலும் கிரேக்கத்தில். ஐந்தாம் நூற்றாண்டில் அந்த அறையை நடுவில் வைத்து எண்கோண வடிவில் கோயில் கட்டியிருக்கிறார்கள். அதற்கும் மேலே 1990இல் தூண்களின் மீது ஒரு புதிய கோயிலை நிறுத்தி, தரையின் நடுவில் கண்ணாடி பதித்துவிட்டார்கள். கட்டடம் எனக்குப் பிடிக்கவில்லை. அதன் நிழலில் கீழேயுள்ள சுவர்கள் பகலிலும் மங்கித் தெரிகின்றன. கண்ணாடி மட்டும் நல்ல யோசனை. கூரை திறந்த கதைக்குப் பேர்போன ஊரில் வருகிறவர்களை மேலிருந்து குனிந்து பார்க்க வைத்திருக்கிறார்கள்.

அருகிலேயே வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் யூதத் தொழுகைக்கூடம். இயேசு போதித்தது இங்கேதான் என்று வழிகாட்டிகள் பலர் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். தரைக்கடியில் கிடைத்த நாணயங்களை வைத்துப் பார்த்தால் கட்டடம் நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரியது. அதன் அடியில் எட்டிப்பார்க்கும் கறுப்புக் கல்வரிசை அதைவிடப் பழையது. இந்த ஊர்த் தொழுகைக்கூடத்தைக் கட்டிக்கொடுத்தவர் ஒரு நூற்றுவர் தலைவர் என்கிறார் லூக்கா. யூதரல்லாத அந்த அதிகாரி தன் பணியாளுக்குச் சாகக்கிடக்கும் நோய் என்று இயேசுவிடம் முதலில் ஊர்ப் பெரியவர்களை அனுப்புகிறார், பிறகு நண்பர்களை. அவர் நேரில் வருவதே இல்லை. பணியாளையும் நாம் பார்ப்பதில்லை. தொலைவிலிருந்தே குணமாகிறது. இந்த வகைக் கதை அந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. கலிலேயாவைச் சேர்ந்த ஹனினா பென் தோசா என்ற யூத ஞானி, எங்கோ இருந்த கமாலியேலின் மகனுக்காகச் செபித்த அதே நேரத்தில் அவனுக்குக் காய்ச்சல் விட்டது என்று யூத மரபு நூலான தல்மூத் சொல்கிறது. அந்தக் காலத்தில் அற்புதம் நடக்குமா என்று அதிகம் பேர் சண்டை போடவில்லை. நற்செய்திகளில் வரும் இயேசுவின் எதிரிகள்கூடப் பெரும்பாலும் நடக்கவில்லை என்று சொல்வதில்லை. எந்த ஆவியின் பலத்தில் செய்கிறார் என்றுதான் கேட்கிறார்கள்.

நான் ஒட்டிக்கொண்டது கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருந்த ஒரு யாத்திரைக் குழுவோடு. ஜெருசலேம் யாத்திரைக்குத் தமிழக அரசு தரும் மானியத்தில் வந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஏரியைப் பார்த்ததும் வயதான ஒரு மீனவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதயா கடலுன்னு வாசிச்சாவ? எங்கூருக் கொளம் மாதிரில்லா கெடக்கு.”

வடக்கு தெற்காக 21 கிலோமீட்டர், அகலம் மிஞ்சிப்போனால் 13. தண்ணீரும் உப்பில்லை. ஆனால் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீட்டர் கீழே, சுற்றிலும் மேடுகள் சூழக் கிடக்கிறது. மேட்டுக் காற்று திடீரென்று பள்ளத்துக்குள் இறங்கினால் ஏரி கொந்தளித்துவிடும். படகோட்டி இதை விளக்கியதும் பெரியவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, காற்று எந்தத் திசை, எந்த மாதம் என்று கேட்க ஆரம்பித்தார். தொழில் பேச்சு வந்துவிட்டால் பக்தி கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறது.

கினோசார் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் பழைய படகு முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். 1986இல் மழை பொய்த்து ஏரி வற்றியபோது சேற்றில் தட்டுப்பட்டது அது. கண்டுபிடித்தவர்கள் உள்ளூர் மீனவச் சகோதரர்கள் இருவர். முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது, நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல். ஈரம் காய்ந்தால் பொடிந்துவிடும் என்பதால் பல ஆண்டுகள் மெழுகு போன்ற ஒரு ரசாயனக் கரைசலில் ஊறவைத்துக் காப்பாற்றினார்கள். இயேசு ஏறிய படகு என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை, அருங்காட்சியகமும் அப்படிச் சொல்வதில்லை. என்னை இழுத்தது அதன் மரம். பன்னிரண்டு வகை மரங்களைக் கொண்டு ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். தேவதாரு, கருவாலி ஆகியவற்றோடு கிடைத்த துண்டு துணுக்கெல்லாம் இருக்கிறது. பெரியவர் ஒரே பார்வையில் கணக்கை முடித்துவிட்டார்: “துட்டு இல்லாத ஆளுவ வள்ளம்.” நற்செய்திகளின் சமூகத்தைப் பற்றி நான் படித்த தடித்த நூல்கள் பல இந்த வாக்கியத்தைச் சுற்றிவளைத்துத்தான் வந்து சேர்ந்தன.

கினோசாருக்குக் கொஞ்சம் தெற்கே மக்தலா. 2009இல் விருந்தினர் இல்லம் கட்ட மண்ணைத் தோண்டப்போக, முதல் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம் ஒன்று வெளிப்பட்டது. இப்போது அங்கே எழுப்பியிருக்கும் ஆலயத்தின் நிலவறையில் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. தானியேல் கரியோலா என்ற சிலி நாட்டு ஓவியர் வரைந்தது. அதில் முகங்கள் இல்லை. செருப்பணிந்த ஆண்களின் கால்கள், அங்கிகளின் கீழ்நுனிகள், அந்தக் கால்களுக்கு நடுவே தரையோடு தரையாக நீண்டு வரும் ஒரு பெண்ணின் கை. விரல்நுனி ஒரு துணியின் ஓரத்தைத் தொடுகிறது.

பெரும்பாட்டால் பன்னிரண்டு ஆண்டுகள் அவதிப்பட்ட பெண்ணின் கதை அது. மாற்கு சொல்வதில் இரக்கமில்லாத ஒரு விவரம் உண்டு: மருத்துவர்கள் பலரிடம் போய்க் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் நோய் முற்றத்தான் செய்தது. லூக்கா மருத்துவர் என்பது மரபு. அவர் தன் நூலில் இந்த இடத்தைச் சற்று மென்மையாகவே கடந்துவிடுகிறார். தொழில்பாசம்தானோ என்னவோ! உதிரப்போக்கு இருக்கும் பெண் தொட்டால் தொட்டது தீட்டு என்பது யூதச் சட்டம். அவள் கூட்டத்துக்குள் வந்துவிடுகிறாள். பின்பக்கமாக வந்து ஆடையைத் தொட்டுவிட்டுப் போய்விட நினைக்கிறாள். இயேசு நின்றுவிடுகிறார். தொட்டது யார் என்று கேட்கிறார். இத்தனை பேர் நெருக்கும்போது இது என்ன கேள்வி என்று சீடர்களுக்கு எரிச்சல்.

இந்தக் கதை வேறொரு கதையின் நடுவில் செருகி வைக்கப்பட்டிருப்பதை மறந்துவிடக் கூடாது. தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு போய்க்கொண்டிருப்பது அந்த வீட்டுக்கு. ஊரில் செல்வாக்குள்ள ஒரு தகப்பன் காலில் விழுந்து அழைத்திருக்கிறார், ஒவ்வொரு நொடியும் முக்கியம். அந்த நேரத்தில் பெயரில்லாத ஒரு பெண்ணுக்காக ஊர்வலம் நிற்கிறது. அவள் நடந்ததை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை அவர் கேட்கிறார். அதற்குள் மகள் இறந்துவிட்டாள் என்று ஆள் வந்துவிடுகிறது. அந்தச் சில நிமிடங்கள் யாயீர் என்ன பாடுபட்டிருப்பார்! இரக்கத்துக்கு விலை உண்டு, அதைச் சில சமயம் பக்கத்தில் நிற்கும் வேறொருவர் கொடுக்க நேர்கிறது என்பதை மாற்கு மறைக்கவில்லை. பிறகு சிறுமி எழுந்துவிடுகிறாள். எல்லாரும் வாயடைத்து நிற்கும்போது அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார் இயேசு. நற்செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சாப்பாடு என்றால் தாப்காவுக்குத்தான் போகவேண்டும். கப்பர்நாகூமுக்குச் சற்று மேற்கே, ஊற்றுகள் ஏரியில் வந்து கலக்குமிடம். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் ஆண்களுக்கும் அவர்களோடு வந்தவர்களுக்கும் போதுமானதாக ஆனது இங்கே என்பது மரபு. உயிர்த்தெழுதலை விட்டுவிட்டால் நான்கு நற்செய்திகளும் சேர்ந்து சொல்லும் ஒரே அற்புதம் இதுதான். பெனடிக்டின் துறவிகளின் கோயில் பீடத்தருகே ஐந்தாம் நூற்றாண்டுக் கல்பதிப்புத் தரையில் கூடை நிறைய அப்பம், இருபக்கமும் மீன். கூடையில் எண்ணினால் அப்பம் நான்குதான் தெரிகிறது. ஐந்தாவது பீடத்தில் இருக்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வந்த எகேரியா என்ற பெண் யாத்திரிகரின் பேரில் வழங்கும் குறிப்பு ஒன்று, அப்பம் வைத்த பாறையிலிருந்து மக்கள் உடல்நலத்துக்காகச் சில்லுகளைப் பெயர்த்துக்கொண்டு போனதைச் சொல்கிறது. பாறை மீதம் இருப்பதே அற்புதம். 2015இல் யாரோ தீ வைத்ததில் கோயில் வளாகம் சேதமடைந்து, 2017இல் மறுபடி திறந்தார்கள்.

நாங்கள் போனது வசந்தத்தில். கரையிலிருந்து மேலேறும் சரிவெல்லாம் பச்சை, இடையிடையே காட்டுக்கடுகின் மஞ்சள். கூட்டம் பசும்புல்லில் அமர்ந்தது என்று மாற்கு எழுதுவது இந்தப் பருவத்துக்கு மட்டுமே பொருந்தும். கோடையில் இந்தச் சரிவு காய்ந்து கருகிவிடும். பொழுது சாய்ந்ததும் சீடர்கள் கூட்டத்தைக் கலைத்து அனுப்பிவிடலாம் என்கிறார்கள், நியாயமான யோசனை. இயேசு அவர்களையே சோறு போடச் சொன்னதும் கணக்குப் பார்க்கிறார்கள்: இருநூறு தெனாரியம் வேண்டும். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். யோவான் மட்டும் அந்த அப்பங்கள் வாற்கோதுமை அப்பங்கள் என்றும், ஒரு சிறுவன் கொண்டுவந்தவை என்றும் சேர்க்கிறார். வாற்கோதுமை அங்கே ஏழைகளின் தானியம். எப்படிப் பெருகியது என்று எந்த நற்செய்தியும் சொல்வதில்லை. வரிசையாக உட்கார வைத்தது, பரிமாறியது, மிஞ்சியதைக் கூடையில் சேர்த்தது என்று பந்தி வேலையைத்தான் விவரமாகச் சொல்கிறார்கள்.

யோர்தான் ஆறு ஏரியில் வந்து சேரும் பக்கத்தில் பெத்சாய்தா. அந்த ஊர் எது என்பதில் எத்-தெல், எல்-அராஜ் என்று இரண்டு இடங்களுக்குள் போட்டி நடக்கிறது; அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். இங்கே ஒரு பார்வையற்றவரைச் சிலர் கூட்டி வருகிறார்கள், மறுபடியும் சிலர். இயேசு அவர் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போய், கண்ணில் எச்சில் தடவி, என்ன தெரிகிறது என்று கேட்கிறார். மனிதர்கள் நடமாடும் மரங்களாகத் தெரிகிறார்கள் என்கிறார் அவர். மறுபடி கைவைத்த பிறகுதான் பார்வை தெளிகிறது. முதல் முறையில் முழுசாகப் பலிக்காத ஒரே அற்புதம். மத்தேயுவும் லூக்காவும் மாற்கின் கதைகள் பலவற்றைத் தங்கள் நூல்களில் எடுத்தாண்டவர்கள். இதை இருவருமே விட்டுவிட்டார்கள். சங்கடமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ இந்தச் சங்கடத்தால்தான் மாற்கின் மேல் மதிப்பு.

எச்சிலால் கண் திறந்ததாக அதே நூற்றாண்டில் இன்னொருவரைப் பற்றியும் பேச்சு உண்டு: ரோமப் பேரரசர் வெஸ்பாசியன். அலெக்சாந்திரியாவில் பார்வையற்ற ஒருவர் அவர் எச்சிலைக் கேட்டு வந்தார் என்று வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதுகிறார். வெஸ்பாசியன் முதலில் தயங்கி, மருத்துவர்களிடம் கருத்துக் கேட்கிறார். பலித்தால் புகழ் பேரரசருக்கு, பலிக்காவிட்டால் கேலி அந்த ஏழைக்கு என்று அவர்கள் சொல்கிறார்கள். அப்புறம்தான் ஊர் பார்க்க அற்புதம் நடக்கிறது. அரியணை புதிது, அதற்கு ஒரு தெய்வ அடையாளம் தேவைப்பட்டது. பெத்சாய்தாவில் சாட்சிக்கு ஊர் இல்லை. குணமானவரை ஊருக்குள் போகாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார் இயேசு.

இவற்றையெல்லாம் விட எழுத்தில் பழையவை பவுலின் கடிதங்கள். மாற்கு ஏறக்குறைய 70ஆம் ஆண்டை ஒட்டியது. பவுல் 50களில் எழுதியவர். அவர் கடிதங்களில் இந்த ஏரிக்கரை அற்புதங்கள் ஒன்றுகூட இல்லை. கொரிந்து நகரத்தாருக்கு எழுதும்போது, மலையைப் பெயர்க்கும் நம்பிக்கை இருந்தும் அன்பில்லாதவன் ஒன்றுமில்லை என்று கறாராகச் சொல்லிவிடுகிறார்.

ஏரியிலிருந்து யோர்தான் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே இறங்கினோம். எரிகோவில் பேரீச்சம்பழம் வாங்கியதைத் தவிர நாங்கள் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. பர்த்திமேயு என்ற குருட்டுப் பிச்சைக்காரர் வாயை மூடச் சொன்ன கூட்டத்தை மீறிக் கத்தியது இந்த ஊர்ச் சாலையில்தான். அங்கிருந்து ஆயிரம் மீட்டர் ஏற்றம், ஜெருசலேம் வரை.

சிங்கவாசலுக்கு உள்ளே, புனித அன்னா கோயில் வளாகத்தில் பெத்சதா குளம். ஐந்து மண்டபங்கள் கொண்ட குளம் என்று யோவான் எழுதியதை வெறும் உருவகம் என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோண்டத் தொடங்கிய பிறகு உண்மை வெளிவந்தது. அருகருகே இரண்டு குளங்கள், நடுவே ஒரு தடுப்பு. நான்கு பக்கமும் நடுவிலுமாக மண்டபம் வைத்தால் ஐந்து. எட்டிப்பார்த்தால் தலைசுற்றும் ஆழம். ரோமர்கள் பிற்பாடு இங்கே தங்கள் வைத்தியத் தெய்வத்துக்குக் கோயில் வைத்திருக்கிறார்கள். பொம்பெயா லூசிலியா என்ற பெண் நேர்ந்துகொண்டு காணிக்கை வைத்த பளிங்குப் பாதம் ஒன்று கிடைத்திருக்கிறது. வேளாங்கண்ணியில் வெள்ளியில் கை, கால், கண் வாங்கிக் காணிக்கை போடும் எங்கள் குழுப் பெண்களுக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குபவனுக்குக் குணம் என்பது நம்பிக்கை. தேவதூதர் வந்து கலக்குவார் என்ற விளக்கம் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை. பின்னால் யாரோ சேர்த்தது. நோயாளிகளை ஒருவரோடொருவர் ஓடவிட்டு முந்தினவனுக்கு மட்டும் கொடுக்கும் அந்த ஏற்பாட்டை எந்தத் தேவதூதர் தலையில் கட்டுவது? அங்கே ஒருவன் 38 ஆண்டுகளாக நோயோடு கிடக்கிறான். குணமாக விருப்பமா என்று கேட்டதற்கு அவன் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. தன்னைத் தூக்கிக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்கிறான். கப்பர்நாகூமில் முடங்கிக் கிடந்தவனுக்கு நான்கு பேர் இருந்தார்கள். இவனுக்கு ஒருவரும் இல்லை. இயேசு அவனிடம் நம்பிக்கை எதையும் கேட்பதில்லை. எழுந்து படுக்கையை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார், போகிறான். குணமாக்கியவர் யார் என்பதே அவனுக்குத் தெரியாது. ஓய்வுநாளில் படுக்கையைச் சுமந்ததற்காகத் தலைவர்கள் அவனை நிறுத்திக் கேட்கிறார்கள். பிறகு ஆள் யாரென்று தெரிந்ததும் அவனே போய் அவர்களிடம் சொல்லிவிடுகிறான். இயேசுவுக்குத் தொல்லை அதிலிருந்து வலுக்கிறது.

குழுவோடு வந்த சாமியார் இதை வாசித்து முடித்ததும், மீனவரின் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

“ஏஞ் சாமி, சொகமாக்குனவரயே போய்க் காட்டிக் குடுத்தவனுக்கா செஞ்சாரு? ஒரு நன்றி சொன்னானா?”

“எழுதல பாட்டி.”

“பெறவு என்னத்துக்கு?”

சாமியார் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் ஒரு கொரியக் குழு கோயிலுக்குள் பாட ஆரம்பித்திருந்தது. அந்தக் கல்மண்டபத்தில் குரல் எழும்பினால் பேச்சுக் கேட்காது. பெரியவர்தான் மனைவியிடம் திரும்பி, “ஆளில்லன்னு சொன்னாம்லா” என்றார். “அதுக்கு?” என்றார் பாட்டி. சிலுவைப்பாதையின் முதல் நிலை அதே தெருவில் சிறிது நடையில் இருக்கிறது. அதுவரைக்கும் இருவரும் விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டே போனார்கள்.